கேளாச் செவியும் கூட்டுறவும்

"செவிடன் காதில் ஊதிய சங்கு" என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. சொன்னதை ஏற்காதவனை இகழ்வதற்கே இதனைப் பயன்படுத்துகிறோம். ஊதியவன்மீது குறையில்லை, கேளாதவன்மீதே குறை என்பது இதன் உட்கருத்து. கூட்டுறவு ஆய்வாளராகப் பணிபுரியும் நாமும் சங்கக் கூட்டங்களில் இப்பழமொழியைச் சொல்லியதுண்டு. இனிச் சொல்ல மாட்டோம். அதன் காரணத்தை நெசவாளராயும் விவசாயியாயும் உள்ள அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் வட்டத்தைச் சேர்ந்த மேலநீலிதநல்லூர் ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். வானம் பார்த்த பூமியை நம்பி வாழும் சிற்றூர்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. மழை பொய்த்த ஆண்டுகளில் வாலிபர்கள் விசைத்தறிக் கூடங்களுக்கு வேலை தேடிச் செல்வதும், வயது முதிர்ந்தபின் தந்தையின் நிலத்திற்குத் திரும்புவதும் இப்பகுதியில் உண்டு. ஆதலின் ஒரே மனிதர் முன்னாள் நெசவாளராகவும் இந்நாள் உழவராகவும் இருக்கக் காணலாம்.

அத்தகைய முதியவர் ஒருவரை இப்பகுதிச் சங்கமொன்றில் கண்டோம். இருபத்தைந்து ஆண்டுகள் விசைத்தறியில் உழைத்தவர். சங்கத்தில் 60,000 ரூபாய் பயிர்க்கடன் பெற்றிருந்தார். குறித்த நாளுக்குள் திருப்பிச் செலுத்துவோர் பயிர்க்கடனுக்கு வட்டி செலுத்த வேண்டுவதில்லை; நாள் தவறினால் வட்டி உண்டு என்பதை அங்கத்தினர் யாவரும் அறிவர். நூற்றுக்கு 7 வீதம் ஓராண்டு வட்டி 4,200 ரூபாய். உளுந்து விற்ற பணம் அவர் வீட்டுப் பெட்டியிலேயே இருந்தது. ஆயினும் அவர் பன்னிரண்டு நாள் பிந்தி வந்தார். முந்தைய ஆண்டுகளில் மாதக் கடைசியில் செலுத்தியதுபோல இவ்வாண்டும் செலுத்தலாம் என்று எண்ணியிருந்தார்.

"மகாசபையில் மூன்று தரம் சொன்னோமே அண்ணாச்சி, நீங்களும் தலையாட்டினீர்களே!" என்றார் செயலாளர்.

முதியவர் சற்று நேரம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எல்லாரும் ஆட்டினார்கள் ஐயா, நானும் ஆட்டினேன்" என்றார்.

அந்த மகாசபையில் நாமும் அமர்ந்திருந்தோம். அவர் தலையாட்டியதை நம் கண்ணாலேயே கண்டோம். "தவணை நாள் அங்கத்தினர்களுக்கு முறைப்படி அறிவிக்கப்பட்டது" என்று ஆய்வுக் குறிப்பில் எழுதிக் கையொப்பமிட்டவரும் நாமே. அறிவித்தது உண்மை, அறிந்தாரா என்பதை நாம் கேட்கவில்லை. அன்று முதல் செவிப்புலனைப் பற்றிய நூல்களையும் ஆராய்ச்சிகளையும் தேடிப் படிக்கலானோம். அறிந்தவற்றுள் நம் அங்கத்தினர்க்குப் பயன்படுவனவற்றை ஈண்டுத் தருகிறோம்.

செவி கெடும் வகை

செவிட்டுத் தன்மை இருவகைப்படும். ஒன்று, ஒலி உட்செல்லும் வழி அடைபடுவது. குறும்பி திரண்டு அடைத்தல், செவிப்பறை கிழிதல், சீழ் வடிதல் முதலியன இவ்வகை. இவற்றுள் பல மருத்துவத்தால் தீரும். மற்றொன்று உட்செவியும் நரம்பும் கெடுவது. உட்செவியில் நத்தைக் கூட்டைப் போன்ற ஓர் உறுப்பு உளது. அதனுள் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிர்க்கலங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலியின் அதிர்வை நரம்புக்கு உணர்த்துபவை இவையே. பேரொலியாலோ முதுமையாலோ இக்கலங்கள் மடிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அறுந்த பாவு நூலை முடிந்துகொள்ளலாம். மடிந்த மயிர்க்கலத்தை முடிந்துகொள்ள வழியில்லை.

ஒலியின் வலிமையை டெசிபல் என்னும் அளவால் குறிப்பர். இவ்வளவு நம் முழக்கோலைப் போன்றதன்று. மூன்று டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரு மடங்காகிவிடும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல் கேட்டல் தீது என்பது அறிஞர் பலர் ஏற்ற வரம்பு. இக்கணக்குப்படி 88 டெசிபல் ஒலியில் நான்கு மணி நேரமும், 91 டெசிபலில் இரண்டு மணி நேரமும், 100 டெசிபலில் பதினைந்து நிமிடமுமே இருக்கலாம். நாடா ஓடும் விசைத்தறிகள் நெருங்கி நிற்கும் கூடத்தில் ஒலி 90 முதல் 100 டெசிபல் வரையில் எழுவது உலகெங்கும் கண்ட செய்தி. அங்கே பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர் நிலையை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். கைத்தறியின் ஓசை இத்துணைக் கொடியதன்று. நூல் அறுந்ததைக் கண்ணால் காணுமுன் காதால் அறியும் கைத்தறி நெசவாளரை நாம் கண்டிருக்கிறோம். அவருக்குச் செவியும் ஒரு தொழிற்கருவி.

நெசவாளர் சொல்லிய பாடம்

தொழிலால் செவி கெடும் என்பது புதிய செய்தி அன்று. 1886-ல் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் டாக்டர் தாமஸ் பார் என்பவர் கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூறு பேரைச் சோதித்தார். பழுதற்ற செவியுடையவர் அவர்களுள் ஒருவரும் இலர். இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகளில் தறிச் சத்தத்தினூடே பேச்சுக் கேளாமையால், நெசவுப் பெண்கள் வாயசைவைப் பெரிதாக்கிப் பேசவும், பிறர் வாயசைவைப் பார்த்தே பொருள் அறியவும் கற்றனர். "மீ-மாயிங்" என்று அதற்கொரு பெயரும் வழங்கிற்று. நம் முதியவர் செயலாளரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததும் இதுவே அன்றோ?

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரம் வங்காளத்துச் சணலை நெய்து பெயர் பெற்றது. அந்நகரின் சணல் நெசவுப் பெண்களை வில்லியம் டெய்லரும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து 1965-ல் முடிவுகளை வெளியிட்டனர். கூர்மையான ஒலிகளைக் கேட்கும் திறன் முதற் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள்ளேயே பெரிதும் கெடுகிறது. பேச்சுக்கு வேண்டிய ஒலிகளைக் கேட்கும் திறன் இருபது இருபத்தைந்து ஆண்டுகளுக்குப்பின் கெடுகிறது என்று கண்டனர். கேடு தொடங்கும் காலத்தில் நெசவாளர் அதனை உணர்வதில்லை. உணரும் காலத்தில் தடுக்க வழியில்லை. இக்கொடுமையை முன்னிட்டே நம் நாட்டிலும் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அறிவிக்கப்பட வேண்டிய தொழில் நோய்களுள் ஒன்றாக இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பும் இடம்பெற்றது.

கேட்கிறது, விளங்கவில்லை

செவி மங்கியவர்கள் பெரும்பாலும், "சத்தம் கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை" என்றே சொல்வர். இதனைப் பாசாங்கு என்று வீட்டார் எண்ணுவதுண்டு. அது தவறு. உயிரெழுத்தின் ஒலி தடித்தது. அது எளிதில் எட்டும். வல்லின மெய்கள் மெல்லிய கூரொலியால் வேறுபடுவன. முதலில் கெடுவது அக்கூரொலியைக் கேட்கும் திறனே. ஆகவே "பத்து" என்றதும் "பட்டு" என்றதும், "தறி" என்றதும் "கறி" என்றதும் அவருக்கு ஒன்றுபோலவே கேட்கும். கணக்கு வழக்கில் இவ்வேறுபாடு எத்துணைப் பெரிது என்பதைச் சங்கத்தார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. பலர் ஒருங்கே பேசும் கூட்டத்திலோ இத்துன்பம் பன்மடங்காகும்.

உரக்கக் கத்தினால் விளங்கும் என்பதும் தவறு. கெட்ட செவிக்கு மெல்லொலி எட்டாது. பேரொலியோ விரைவில் வலியாகும். கத்தும்போது சொல்லின் உருவமும் சிதைகிறது. முகத்தைப் பார்த்து, நிறுத்தி, இயல்பான குரலில் சொல்வதே முறை. ஒரு சொல் விளங்காவிடில் அதனையே திரும்பக் கூறாமல் வேறு சொல்லால் கூறுதல் நன்று.

இக்குறையுடையோர் சிலரே என்று எண்ணற்க. உலகில் 150 கோடி மக்களுக்கு ஏதேனும் ஓர் அளவில் செவித்திறன் குறைந்துளது. அவர்களுள் 43 கோடிக்கு மேற்பட்டோர்க்கு மறுவாழ்வுப் பயிற்சி தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. காதொலிக் கருவியால் பயன்பெறத்தக்கவருள் நூற்றுக்குப் பதினேழு பேரே அதனை அணிகின்றனர் என்றும் அவ்வறிக்கை குறிக்கிறது.

கேளாமையின் தீங்கு காதோடு நிற்பதில்லை. கேளாதவர் பேச்சைக் குறைக்கிறார். பிறகு கூட்டத்தைத் தவிர்க்கிறார். முடிவில் திண்ணையோடு அடங்குகிறார். முதுமையில் நினைவாற்றல் குன்றுவதற்கும் செவி மங்குவதற்கும் தொடர்பு உண்டு என்று அண்மை ஆராய்ச்சிகள் கூறுகின்றன. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து, முடிவை 2023-ல் வெளியிட்டனர். காதொலிக் கருவியும் பயிற்சியும் பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் மொத்தத்தில் வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் நினைவுக் குறைவு நேரும் அபாயம் மிகுந்த பிரிவினரிடத்து, அக்குறைவின் வேகம் நூற்றுக்கு 48 பங்கு தணிந்திருந்தது. கருவியை மாமருந்து என்று எவரும் நம்ப வேண்டா. பயனற்றது என்று ஒதுக்கவும் வேண்டா.

மறுவாழ்வு என்பது யாது?

இரண்டாம் உலகப் போரில் செவியிழந்து திரும்பிய சிப்பாய்களுக்காக அமெரிக்காவில் தனி மருத்துவமனைகள் ஏற்பட்டன. அவற்றுள் ஒன்றில் பணிபுரிந்த ரேமண்ட் கார்ஹார்ட் என்பவர், கருவியைத் தேர்ந்து கொடுப்பதோடு அமையாது, அதனைக்கொண்டு கேட்கவும் வாயசைவை அறியவும் சிப்பாய்களுக்குப் பயிற்சி அளிக்கச் செய்தார். பெரியோர்க்குரிய செவி மறுவாழ்வு ஒரு துறையாக வளர்ந்தது இவ்வாறே. நம் நாட்டில் 1965-ல் மைசூரிலும் 1983-ல் பம்பாயிலும் இத்துறைக்கு மத்திய அரசின் நிறுவனங்கள் தோன்றின. நமக்கு அண்மையில் உள்ள பாளையங்கோட்டையிலோ, ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செவிகேளாக் குழந்தைகளுக்குக் கல்வி புகட்டத் தொடங்கிவிட்டார். குழந்தைகளுக்கு அன்று பிறந்த அக்கறை, தறியில் செவியிழந்த பெரியோர்க்கும் நம்மிடையே பிறத்தல் வேண்டும்.

காதொலிக் கருவி மூக்குக் கண்ணாடியைப் போன்றதன்று. கண்ணாடி அணிந்த அன்றே எழுத்துத் தெரியும். கருவியோ பேச்சையும் பெருக்கும், பாத்திர ஓசையையும் பெருக்கும். வேண்டியதைப் பிரித்தெடுக்க மூளை மீண்டும் பழக வேண்டும். அதற்குச் சில வாரங்கள் செல்லும். இதனைச் சொல்லாமல் கொடுத்த கருவிகள் பெட்டியில் உறங்குவதைக் காண்கிறோம்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

1. விசைத்தறி நெசவாளர் யாவர்க்கும் காதடைப்பான் வாங்கித் தருதல். இதன் விலை சொற்பம். பஞ்சைத் திணித்துக்கொள்வது போதிய காப்பு ஆகாது.

2. தறியின் தேய்ந்த உறுப்புகளை மாற்றி, எண்ணெயிட்டு, ஆட்டமின்றி வைத்தல். ஆட்டம் கண்ட இயந்திரமே மிகுதியாய் இரையும். டிராக்டர், கதிரடிக்கும் இயந்திரம் ஆகியவற்றில் உழைப்போரும் செவியைக் காத்துக்கொள்ள வேண்டும்.

3. ஆண்டுக்கொரு முறை அரசு மருத்துவமனையின் உதவியோடு செவிச் சோதனை முகாம் நடத்துதல். கொண்டை ஊசி, தீக்குச்சி ஆகியவற்றால் காது குடைவதையும், காய்ச்சிய எண்ணெய் விடுவதையும் அங்கத்தினர் விட்டொழிக்க வேண்டும்.

4. தகுதியுடையோர்க்கு விலையின்றிக் காதொலிக் கருவி பெறுவதற்கு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திற்கு விண்ணப்பம் எழுதி உதவுதல்.

5. மகாசபையில் செவி மங்கியவரை முன்வரிசையில் அமர்த்துதல். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசாதிருத்தல். தீர்மானத்தையும் தவணை நாளையும் பெரிய எழுத்தில் பலகையில் எழுதுதல். தவணை நாளைக் கடன் புத்தகத்தில் தெளிவாகக் குறித்து, அங்கத்தினர் வாயாலேயே திரும்பச் சொல்லக் கேட்டல்.

இவற்றுள் ஐந்தாவதற்குச் செலவே இல்லை. அதனை அந்தச் சங்கம் முன்னரே செய்திருப்பின் ஒரு குடும்பத்தின் 4,200 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

அப்பணம் திரும்பவில்லை. விதி விதியே, அதனைத் தளர்த்தும் அதிகாரம் சங்கத்திற்கும் இல்லை, நமக்கும் இல்லை. முதியவரும் அதனைப் பற்றி மீண்டும் பேசவில்லை. அவர் பாளையங்கோட்டைக்குச் சென்று சோதித்துக்கொண்டார். கருவி கிடைத்தும் பேருந்தின் இரைச்சல் தாளாமல் ஒரு மாதம் அதனைப் பெட்டியில் வைத்துவிட்டார். பின்னர் அவருடைய பேத்தி ஒவ்வோர் இரவும் செய்தித்தாளை வாசிக்க, அவர் கருவியணிந்து கேட்டுத் திரும்பச் சொல்லிப் பழகினார். பத்து நிமிடத்தில் தொடங்கி, அரை மணி நேரம் வரை சென்றது அப்பழக்கம்.

அடுத்த மகாசபையில் அவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். செயலாளர் மூன்றாம் தீர்மானத்தை வாசித்து முடித்ததும் எல்லாரும் தலையாட்டினர். அவர் மட்டும் எழுந்து நின்று, "எனக்குப் பாதிதான் விளங்கிற்று. இன்னொரு தரம் வாசியுங்கள் ஐயா" என்றார். செயலாளர் பலகை அருகே வந்து நின்று, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அப்போது பின்வரிசையிலிருந்து இருவர் எழுந்து, தங்களுக்கும் முன்பு விளங்கவில்லை என்றனர். அவர்கள் செவி மங்கியவர் அல்லர்.

திருவள்ளுவர் கேள்வி என ஓர் அதிகாரமே வகுத்தார். கேட்பவரின் கடமை அங்கே கூறப்பட்டது. கேட்கச் செய்பவரின் கடமையை நம் சங்கங்கள் தத்தம் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுமாக. நாமும் இப்போது ஆய்வுக் குறிப்பில் "அறிவிக்கப்பட்டது" என்று எழுதுமுன், கடைசி வரிசைக்குச் சென்று, "என்ன சொன்னார்கள்?" என்று ஒருவரைக் கேட்டு வருகிறோம்.