வராத இன்வொய்ஸ் எங்கே நின்றது?

சரக்கு கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிவிட்டது. வெளிநாட்டு விற்பனையாளரோ, இன்வொய்ஸையும் பெக்கிங் லிஸ்டையும் முந்தாநாளே ஈமெயிலில் அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார். நம்மிடம் எதுவும் வரவில்லை. இலவச நாட்கள் முடிந்தால் தாமதக் கட்டணம் நம் தலையில்தான். நமது வியாபாரிகள் பலர் கண்ட சங்கடம் இது.

இதற்குக் காரணம், ஈமெயிலுக்குக் காவல் நிற்கும் வடிகட்டி. 2000 மே மாதத்தில் 'ஐ லவ் யூ' வைரஸ், காதல் கடிதம் என்ற பெயரிலான ஓர் இணைப்பாக உலகெங்கும் பரவியது. இத்தகைய வைரஸ்களால் காவல் கடுமையாயிற்று. சில நேரம் நல்ல ஆவணமும் மாட்டிக்கொள்கிறது.

முதலில் ஸ்பேம் பகுதியைப் பாருங்கள். ஜீமெயிலில் அங்கு கிடப்பவை 30 நாட்களில் தானாக அழிந்துவிடும். கம்பனிப் பெயரில் ஈமெயில் வைத்திருப்போர், தடுத்து வைத்த கடிதங்களைப் பார்த்து விடுவிக்கும்படி அதைப் பராமரிப்பவரிடம் கேளுங்கள். அங்குமில்லையெனில், அனுப்பியவருக்கு ஏதும் திரும்பி வந்ததா என விசாரியுங்கள். திரும்பும் கடிதத்தில் பெரும்பாலும் காரணமும் இருக்கும்.

வழக்கமான காரணங்கள் சிலவே. ஜீமெயிலில் 25 எம்.பி.க்கு மேல் இணைப்பாக அனுப்ப முடியாது. ஸ்கேன் செய்த தாள்கள் இதை எளிதில் தாண்டும். பாஸ்வேர்ட் போட்ட சிப் பைலின் உள்ளே வடிகட்டியால் பார்க்க முடியாது, ஆகவே சந்தேகப்படும். மேக்ரோ உள்ள எக்செல் பைலும் அப்படித்தான். எனக்கு வந்த விலைப்பட்டியலொன்று இதனாலேயே மூன்று தடவை நின்றது. பிடிஎப் ஆக்கி அனுப்பச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் வந்து சேர்ந்தது.

நாம் அனுப்புவது மற்றவருக்குப் போகாவிட்டால், நமது கம்பனி ஈமெயிலுக்கு எஸ்பிஎப், டிகேஐஎம் என்ற அடையாளங்கள் உண்டா எனப் பாருங்கள். 2024 பெப்ரவரி முதல், ஜீமெயிலுக்கு அனுப்புவோர் இவற்றில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டுமென கூகுள் விதித்துள்ளது.

எரிச்சலில் வடிகட்டியை நிறுத்திவிடாதீர்கள். மருமகனை வாசலில் மறித்தான் என்பதற்காகக் காவல்காரனை வீட்டுக்கு அனுப்புவதில்லையே! விடுவித்த கடிதத்தில் "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்றிருந்தால், ஏற்கனவே தெரிந்த இலக்கத்துக்கு அழைத்துக் கேட்காமல் ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.

ஓடர் கொடுக்கும்போதே, ஆவணங்கள் பிடிஎப் ஆக, பாஸ்வேர்ட் இன்றி, கப்பல் புறப்பட்டதும் வரவேண்டும் எனப் பேசிக்கொள்ளுங்கள். வந்ததா என அன்றே பாருங்கள்.