முகப்பா, அடுப்படியா? காருக்குள் இருக்கும் வழிகாட்டிப் பெட்டியைப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

காரைக்குடியிலிருந்து கிளம்பி, புதுவயல் பக்கம் திரும்பி, கண்டனூரில் ஒரு வீட்டு வாசலில் காரை நிறுத்துகிறீர்கள். முன்கண்ணாடியில் ரப்பர்க் கிண்ணம் வைத்து ஒட்டியிருக்கும் உள்ளங்கை அகல ஜி.பி.எஸ் பெட்டி, 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்கிறது. அந்த ஒரு வார்த்தை அதன் வாயிலிருந்து வருவதற்கு, 20,200 கிலோமீட்டர் உயரத்தில் குறைந்தது நாலு செயற்கைக்கோள்கள் ஒரே சமயத்தில் மணி சொல்லியிருக்க வேண்டும். தெரியுமா?

ஆமாம், மணிதான் சொல்கின்றன. வழி சொல்வதே இல்லை! 'இப்போது மணி இவ்வளவு, நான் இருக்கும் இடம் இது.' மேலேயிருந்து ஓயாமல் வருவது முக்கியமாக இந்தச் சேதிதான். கோயில் மணியை நினைத்துக்கொள்ளுங்கள். சரியாக ஆறு மணிக்கு அடிக்கிற மணி, உங்கள் காதுக்கு மூன்று விநாடி தாமதமாக வந்தால், நீங்கள் கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறீர்கள் என்று கணக்குப் போட்டுவிடலாம். பெட்டி செய்வதும் இதே கணக்குத்தான். ஆனால் அங்கே ஓடிவருவது ஒலி இல்லை, ஒளியின் வேகத்தில் பாயும் ரேடியோ அலை. உச்சியில் நிற்கும் செயற்கைக்கோளிலிருந்து கண்டனூருக்கு வர ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்குதான் ஆகிறது. அந்தக் கண்ணிமைப்பைப் பெட்டி கோடிக்கணக்கான துண்டுகளாக நறுக்கி அளக்கிறது. ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகிவிடும்!

கோயில் மணிக்கு யார் கேட்கிறார்கள் என்று தெரியாது. செயற்கைக்கோளுக்கும் அப்படித்தான். நீங்கள் கண்டனூரில் இருப்பது அதற்குத் தெரியவே தெரியாது. இடம் காண்பதற்காகப் பெட்டி மேலே எதையும் அனுப்புவதில்லை, கேட்டுக்கொள்ள மட்டும் செய்கிறது. அதனால்தான் பத்துப் பேர் கேட்டாலும் நூறு கோடிப் பேர் கேட்டாலும் மேலே எந்த நெரிசலும் இல்லை, யாருக்கும் கட்டணமும் இல்லை. வரைபடம் பெட்டியின் நினைவகத்திலேயே பதிந்திருப்பதால், செல்போன் டவர் எட்டாத காட்டுப் பாதையிலும் அது பாட்டுக்கு வழி சொல்லும்.

சரி, மூன்று பேரிடம் தூரம் கேட்டாலே இடம் தெரிந்துவிடுமே, நாலாவது எதற்கு? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். மேலே இருப்பவை அணுக்கடிகாரங்கள். பெட்டிக்குள் இருப்பதோ கைக்கடிகாரத்தில் இருக்கும் ஜாதியைச் சேர்ந்த சின்ன குவார்ட்ஸ் படிகம். அது எவ்வளவு பிசகியிருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் நாலாவது ஆள். அப்படித் திருத்திக்கொண்டவுடன், நீங்கள் கடையில் வாங்கிய பெட்டி ஏறக்குறைய அணுக்கடிகாரத்தோடு சேர்ந்து ஓடத் தொடங்கிவிடுகிறது. வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைச் சரிசெய்ய அதைவிட நல்ல கடிகாரம் உங்கள் தெருவிலேயே இருக்காது!

இன்னொன்று கேளுங்கள். மேலே காலம் வேறு வேகத்தில் ஓடுகிறது! ஐன்ஸ்டீன் சொன்னபடி, வேகமாகப் போகிற கடிகாரம் மெதுவாகும். அதனால் செயற்கைக்கோள் கடிகாரம் நாளுக்கு 7 மைக்ரோவிநாடி பின்தங்குகிறது. பூமியின் ஈர்ப்பு குறைந்த உயரத்தில் கடிகாரம் வேகமாகும். அதனால் 45 மைக்ரோவிநாடி முந்துகிறது. கழித்துப் பார்த்தால் நாளுக்கு 38 மைக்ரோவிநாடி முன்னே. திருத்தாமல் விட்டால் தூரக் கணக்கில் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் பிழை ஏறிவிடும். கண்டனூருக்கும் காரைக்குடிக்கும் நடுவே அவ்வளவு தூரம்கூடக் கிடையாது! அதனால் தரையிலிருந்து அனுப்பும்போதே அந்தக் கடிகாரங்களைத் துளி மெதுவாக ஓடும்படி முடுக்கி அனுப்பிவிடுகிறார்கள். மேலே போனதும் நம் வேகத்துக்கு வந்துவிடும். ஒரு ஜெர்மன் மேதை 1905-லும் 1915-லும் காகிதத்தில் போட்ட கணக்கு, இன்றைக்குப் புதுவயல் விலக்கில் இடப்பக்கம் திரும்பச் சொல்கிறது.

அந்த அலை எவ்வளவு மெல்லியது தெரியுமா? கிளம்பும்போது வீட்டு குண்டு பல்பு அளவுக்குத்தான் சக்தி. இங்கே வந்து சேரும்போது, ஒரு வாட்டை நூறு கோடி கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு! சுற்றியிருக்கும் ரேடியோ இரைச்சலுக்குள் மூழ்கிக் கிடக்கிற அந்த முணுமுணுப்பை, தபால்தலை அளவுள்ள பீங்கான் ஆன்டெனா ஒன்று பொறுக்கி எடுக்கிறது. தகரக் கொட்டகைக்குள் கார் நின்றால் பெட்டி தடுமாறுவது இதனால்தான்.

அலமாரியில் மாதக்கணக்கில் தூங்கிய பெட்டியை எடுத்து வைத்தால் நேரமாகிறதே, ஏன்? செயற்கைக்கோள் தன் சேதியை விநாடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில் ஓதுகிறது. தான் இப்போது எங்கே இருக்கிறோம் என்று ஒருமுறை சொல்லி முடிக்கவே அரை நிமிடம். எல்லாச் செயற்கைக்கோள்களின் பஞ்சாங்கத்தையும் வாசித்து முடிக்க 12½ நிமிடம்! ஆகவே ஊருக்குக் கிளம்புகிற அன்று, சாமான் ஏற்றும்போதே காரைத் திறந்தவெளிக்குக் கொண்டுவந்து பெட்டியை உயிர்ப்பித்து வைத்துவிடுங்கள். நின்ற இடத்தில் நின்றபடியே அது பஞ்சாங்கம் படித்துக்கொள்ளும்.

நிற்கிற காரின் முகம் எந்தத் திசையில் இருக்கிறது என்று செயற்கைக்கோளை மட்டும் நம்பியிருக்கிற பெட்டிக்குத் தெரியாது என்பதும் பலருக்கு வியப்பாக இருக்கும். நாலு அடி நகர்ந்தால்தான் தெரியும். நகர்ந்துவிட்டால் பெட்டி கில்லாடி. நேர்சாலையில் சீராக ஓடும்போது கார் முள் 80 காட்டி, பெட்டி 76 காட்டினால், பெட்டியை நம்பலாம். கார் முள், உள்ளதைவிடக் குறைத்து மட்டும் காட்டிவிடக் கூடாது என்பதற்காகக் கொஞ்சம் கூட்டியே காட்டும்படி அமைக்கப்படுவது.

பழைய கதைக்கு வருவோம். 1981-ல் ஹோண்டா நிறுவனம் ஜப்பானில் ஒரு வழிகாட்டியை விற்றது. அதில் செயற்கைக்கோளே கிடையாது! ஹீலியம் வாயுவால் இயங்கும் திசையுணர்வி ஒன்று காரின் திருப்பங்களை உணரும். ஒளி புகும் வரைபடத் தாளைத் திரையின் மேல் செருகிக்கொள்ள வேண்டும். 1985-ல் அமெரிக்காவில் வந்த 'ஈடாக்' கருவியின் வரைபடம் கேசட்டில் இருந்தது. பாட்டுக் கேசட் மாதிரியே! ஒரு பெருநகரத்துக்கே பல கேசட். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? பசிபிக் தீவுகளின் மாலுமிகள் ஓடத்தை அசையாததாகவும், தீவுகள்தாம் தங்களைக் கடந்து நகர்வதாகவும் நினைத்துக்கொண்டு நட்சத்திரங்களை வைத்து வழி கணிப்பார்கள். அந்தக் கலையின் பெயர் அது. இன்றைக்கும் பெட்டியின் திரையில் உங்கள் கார் நடுவில் அப்படியே நிற்கிறது, ஊர்தான் நகர்கிறது, பார்த்தீர்களா! நாகப்பட்டினத்தில் கப்பலேறி ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போய்வந்த நகரத்தார் பூமியில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஜி.பி.எஸ் ராணுவத்துக்காகப் பிறந்தது. முதல் செயற்கைக்கோள் 1978-ல் ஏறியது. 1983 செப்டம்பர் 1-ஆம் தேதி, பாதை தவறிப் போன தென்கொரியப் பயணிகள் விமானம் ஒன்றைச் சோவியத் போர்விமானம் சுட்டு வீழ்த்தியதில் 269 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான், இந்த ஏற்பாடு முழுமையடைந்ததும் பொதுமக்களுக்கும் இலவசமாகத் திறந்துவிடப்படும் என்று அமெரிக்க அதிபர் ரீகன் அறிவித்தார். அப்போதும் முழுசாகத் தரவில்லை. வேண்டுமென்றே பிழை கலந்து 100 மீட்டர் வரை இடம் பிசகும்படி வைத்திருந்தார்கள். 2000 மே 1 நள்ளிரவில் அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். மறுநாள் காலையில், உலகம் முழுக்க மக்கள் கையிலிருந்த அதே பழைய கருவிகள் பத்து மடங்கு துல்லியமாகிவிட்டன! டேஷ்போர்டுப் பெட்டிகள் வீட்டுக்கு வீடு வந்தது அதற்கப்புறம்தான். கேரி பர்ரெல், மின் காவ் என்ற இரண்டு பொறியாளர்கள் 1989-ல் தொடங்கிய கம்பெனிக்கு அவர்கள் பெயரையே ஒட்டவைத்து 'கார்மின்' என்று பெயர் வந்ததும் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

நம்மிடம் என்ன இருக்கிறது என்கிறீர்களா? தலையை நிமிர்த்துங்கள்! கண்டனூரில் நின்று உச்சிக்குச் சற்றுத் தெற்கே பாருங்கள். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 2012-ல் ஏறிய நம் ஜிசாட்-10 இரவும் பகலும் அதே இடத்தில் நிற்கிறது. அதிலுள்ள 'ககன்' கருவி, ஜி.பி.எஸ் கணக்கில் இன்றைக்கு எவ்வளவு பிழை என்று திருத்தம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. விமானங்களுக்காக வந்த ஏற்பாடுதான், ஆனால் அதை ஏற்கத் தெரிந்த கார்ப் பெட்டிகளும் கேட்டுக்கொள்ளலாம். அதோடு 'நாவிக்' என்று நமக்கே நமக்கான ஏழு செயற்கைக்கோள் ஏற்பாடு 2013 ஜூலை 1-இல் தொடங்கியது. முதல் செயற்கைக்கோளில் இருந்த வெளிநாட்டு அணுக்கடிகாரங்கள் மூன்றும் செயலிழந்தன. சோர்ந்து உட்காரவில்லை. 2023 மே 29 அன்று ஏறிய என்.வி.எஸ்-01 செயற்கைக்கோளில் இந்தியாவிலேயே செய்த ருபீடியம் அணுக்கடிகாரம் போனது! அதை ஏற்றிச்சென்ற ராக்கெட் வகையின் கிரையோஜெனிக் எஞ்சின்களை எரித்துப் பார்க்கும் இடம் நம் திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரி.

வரைபடத்துக்கும் நம் மண்தான் பிள்ளையார் சுழி. 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் சங்கிலி பிடித்து 12 கிலோமீட்டர் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். 57 நாள் ஆயிற்று. அங்கே தொடங்கிய முக்கோணச் சர்வேதான் இமயம் வரை போனது. 1808-ல் தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது, அரை டன் எடையுள்ள அவருடைய அளவுக்கருவி கயிறு அறுந்து மோதிச் சிதைந்தது. வாரக்கணக்கில் உட்கார்ந்து தன் கையாலேயே அதைச் செப்பனிட்டார். இன்று பெட்டி ஒரு விநாடியில் சொல்லும் இடத்துக்கு அன்றைக்குக் கோபுரம் கோபுரமாக ஏற வேண்டியிருந்தது.

வழி தேடுவது இன்னொரு அதிசயம். ஆயிரக்கணக்கான சந்திப்புகளில் எது குறுக்குவழி? எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர் 1956-ல் ஆம்ஸ்டர்டாமில் காபிக் கடையில் உட்கார்ந்து, காகிதம் பேனா இல்லாமல் இருபதே நிமிடத்தில் கண்டுபிடித்த முறையின் வாரிசுகள்தாம் பெட்டிக்குள் ஓடுகின்றன. 'அடுத்த திருப்பம்' என்று அதட்டாமல், தவறவிட்டால் பதறாமல் புதுவழி போடுவது அந்தக் கணக்கு.

பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் இதை மட்டும் கவனியுங்கள். ஜி.பி.எஸ் வாரங்களை எண்ணும் கட்டம் 1,024 வரைதான். நிரம்பினால் மறுபடி சுழியம். 2019 ஏப்ரல் 6-இல் அப்படிச் சுழன்றபோது சில பழைய பெட்டிகளில் தேதி இருபது வருஷம் பின்னே போய்விட்டது. அடுத்த சுழற்சி 2038 நவம்பரில். மென்பொருளைப் புதுப்பித்துவிட்டால் தப்பித்தது. பெட்டியின் உயிர் லித்தியம் அயனி பேட்டரியில். சித்திரை வெயிலில் கண்ணாடியில் ஒட்டியபடி விட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்த ஜாதி பேட்டரியைத் தீர ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் பக்கத்திலேயே காரைக்குடியில் இருக்கிறது, தெரியுமா? வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தந்து, 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டிய இடம்.

இவ்வளவும் தெரிந்த பெட்டிக்குத் தெரியாதது ஒன்றைக் கண்டனூரில் பார்த்தேன். நண்பர் வீட்டு அறுபதாம் கல்யாணம். 'கண்டனூர்' என்று தட்டியதும் முதலில் 'கண்டனூர் புதுவயல்' ரயில் நிலையத்தை நீட்டியது. ஸ்டேஷனுக்கு இரண்டு ஊரின் பெயர். திருத்தி, வீட்டின் புள்ளியை வைத்து ஓட்டினேன். 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்றது. இறங்கினால் எதிரே சின்னக் கதவு, விறகுப் புகை, கழுவிக் கவிழ்த்த அண்டாக்கள். ஒரு ஆச்சி கண்டாங்கிச் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன தம்பி, முகப்பு அந்தத் தெருவுல இருக்கு. நீங்க அடுப்படி வாசல்ல வந்து நிக்கிறீக?"

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரே நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். நான் வைத்த புள்ளி வீட்டின் கூரை நடுவில். அதற்குக் கிட்டத்தில் எந்தத் தார்ச்சாலை இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டது பெட்டி. இரண்டு தெருவில் எது மரியாதையான வாசல் என்று வானத்திலிருந்து வருகிற எந்தச் சேதியிலும் இல்லை.

ஆச்சி உள்வழியாகவே கூட்டிப்போனார்கள். அடுப்படி தாண்டி, வளவின் வெயில் தாண்டி, பர்மாத் தேக்குத் தூண்கள் தாண்டி, சந்தனக் கிண்ணம் வைத்திருந்த முகப்புக்கு வந்தோம். நடந்தது அறுபது மீட்டருக்குக் குறையாது. சாப்பிட்டு முடித்துக் காரைச் சுற்றிக் கொண்டுவந்து அந்தத் திண்ணைக்கு நேரே நிறுத்தி, எண்களைப் பார்த்தேன். அட்சரேகையின் ஐந்தாவது தசமம் என்பது தரையில் ஒரே ஒரு மீட்டர். நாலாவது தசமம் 11 மீட்டர். அடுப்படி வாசலுக்கும் முகப்புக்கும் நடுவே நாலாவது தசமத்தில் ஐந்துதான் மாறியிருந்தது!

அந்தப் புள்ளியைச் சேமித்தேன். பெயர் கேட்டது. 'ஆச்சி வீடு, முகப்பு' என்று தட்டிவைத்தேன்.