ஜீப்பு வண்டிக்கு ஏற்ற ஹாண்ட் பிரேக் எது?

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில், பழைய ஜீப்பு வண்டியை வாங்கிப் பெரிய டயர் பூட்டிச் சீர்செய்து வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் அங்கத்தினர் சிலரிடையே உண்டு. களத்திலிருந்து நிலக்கடலை மூட்டைகளை ஏற்றி வரவும், மழைக்காலத்தில் சேற்றைக் கடந்து கொல்லைக்குப் போய்வரவும், சிறுவந்தாடு போன்ற நெசவூர்களுக்குப் பாவு நூல் கொண்டு செல்லவும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி மிகவும் உதவுகிறது. அவ்வண்டிகளை மாற்றி அமைக்கும்போது எஞ்சினைப் பற்றியும் டயரைப் பற்றியும் விசாரிப்பவர் பலர். நிறுத்தி வைக்கும் பிரேக்கை, அதாவது ஹாண்ட் பிரேக்கைப் பற்றி விசாரிப்பவர் சிலரே. அச்சிலரின் கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் செஞ்சிச் சாலையிலிருந்து பிரியும் ஓர் ஏரிக்கரைச் சரிவில் நாம் நேரில் கண்டதை முதலில் கூறிவிடுகிறோம். மூட்டை ஏற்றிய ஜீப்பு ஒன்றின் பின்சக்கரம் காற்றிறங்கி நின்றது. ஓட்டியவர் அனுபவசாலி. ஹாண்ட் பிரேக்கை முழுவதும் இழுத்தார், கியரிலும் போட்டார், அதன் பின்னரே ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கினார். சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியதுதான் தாமதம், வண்டி ஜாக்கியைச் சாய்த்துக்கொண்டு சரிவில் இறங்கத் தொடங்கிவிட்டது. நல்ல வேளையாக அவர் கை வண்டிக்கு அடியில் இல்லை. சீமைக் கருவேலம் புதரில் முட்டி வண்டி நின்றது. மறுநாள் பட்டறையில் பிரேக்கைக் கழற்றிப் பார்த்தார்கள். லைனிங் நன்றாக இருந்தது, லீவர் நன்றாக இருந்தது. பழுது என்று சொல்ல ஒன்றுமே இல்லை! பழுதில்லாத பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்பதை அறிந்துகொண்டால், எந்தப் பிரேக்கைத் தேர்வது என்பதில் பாதி விளங்கிவிடும்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வில்லிஸ், போர்டு ஆகிய இரு கம்பெனிகளும் ஜீப்புகளைச் செய்தன. நம் நாட்டில் 1947இல் மகீந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கினர். அந்தப் பழைய ஜீப்புகளில் ஹாண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர்ப் பெட்டிக்குப் பின்னால், நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்து அனுப்பும் டிரான்ஸ்பர் கேஸ் என்ற பெட்டியின் பின்வாயிலில், பின்சக்கரங்களுக்குப் போகும் ஷாப்டின் தலைப்பில் ஒரு டிரம் இருக்கும். லீவரை இழுத்தால் அந்த டிரம் பிடிபட்டு ஷாப்ட் சுழலாமல் நிற்கும். இங்கிலாந்தின் லாண்ட் ரோவர் வண்டியிலும் 1948 முதல் இதே ஏற்பாடுதான். அதன் வழிவந்த டிபெண்டர் வண்டி 2016இல் நிறுத்தப்படும் வரையில் இதை மாற்றவில்லை. ஆகவே இதனை மட்டமான ஏற்பாடு என்று எண்ணிவிட வேண்டாம்.

இதில் உண்மையான நன்மைகள் உண்டு. பின் அச்சிலுள்ள பற்சக்கரங்கள் ஷாப்டின் பிடிப்பைப் பெருக்கிக் கொடுக்கின்றன. போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் இந்த விகிதம் 4.88. ஷாப்டில் ஒரு பங்கு பிடித்தால் சக்கரங்களில் ஏறக்குறைய ஐந்து பங்கு பிடிப்பு ஏற்படும். ஆதலால் சிறிய டிரம் ஒன்றே போதுமானது. அது வண்டியின் நடுவே உயரத்தில் இருப்பதால் சக்கர டிரம்மைப் போல எளிதில் சேற்றில் மூழ்குவதில்லை. அச்சு மேலும் கீழும் ஆடும்போது கேபிள் இழுபடும் தொல்லையும் கிடையாது.

ஆனால் அந்தப் பிடிப்பு சக்கரத்தை நேரே சென்று அடைவதில்லை. இடையில் டிபரன்ஷியல் இருக்கிறது. கிணற்று இராட்டினத்தில் ஒரே கயிற்றின் இரு முனையிலும் வாளி கட்டியிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இராட்டினம் இருந்த இடத்திலேயே நிற்கிறது. ஆயினும் ஒரு வாளி இறங்கினால் மற்றொன்று ஏறுகிறது. ஷாப்டைப் பிடித்து நிறுத்திய வண்டியின் நிலையும் இதுவே. ஒரு பின்சக்கரம் முன்னே உருண்டால் மற்றது பின்னே சுழல வேண்டும். இரண்டும் தரையில் ஊன்றியிருக்கும்வரை அது நடவாது. ஆகையால் வண்டி நிற்கிறது. ஒன்றை ஜாக்கியால் தூக்கிவிட்டாலோ தூக்கிய சக்கரம் தாராளமாகப் பின்னே சுழலும். தரையிலுள்ள சக்கரம் முன்னே உருளும். கியரில் போட்டாலும் இதில் மாறுதல் இல்லை; ஏனெனில் கியரும் அதே ஷாப்டைத்தான் பிடிக்கிறது. ஏரிக்கரையில் நாம் கண்ட வண்டி நகர்ந்ததன் காரணம் இதுவே.

ஜாக்கி வைக்கும்போது மட்டுந்தான் இந்த அபாயம் என்று கருதக் கூடாது. காட்டுப் பாதையில் செல்லும் வண்டிக்கு ஒரு பின்சக்கரம் பள்ளத்தின் மேல் அந்தரத்தில் தொங்குவது சாதாரணம். மரக்காணத்துப் பக்கம் ஒரு சக்கரம் இளமணலிலும் மற்றது கெட்டித் தரையிலும் நிற்கும். செஞ்சிப் பாறைகளுக்கிடையே ஒரு சக்கரம் வழுக்குப் பாறையில் இருக்கும். அத்தகைய இடத்தில் பிடிப்பற்ற சக்கரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் மற்றதும் தாங்கும்.

இதற்கு ஒரு மாற்றும் உண்டு. நான்கு சக்கர இழுப்பை ஈடுபடுத்திவிட்டு நிறுத்தினால், பழைய ஜீப்பில் முன் ஷாப்டும் பின் ஷாப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். அப்போது பின்சக்கரத்தைத் தூக்கினாலும் முன்சக்கரங்கள் இரண்டும் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். முன்சக்கரக் குடங்களில் பூட்டு இருக்கும் வண்டியானால் அதையும் பூட்ட மறக்கக் கூடாது. பூட்டாவிட்டால் முன்சக்கரங்கள் தம்பாட்டுக்கு உருளும். டிபரன்ஷியலையே பூட்டிவிடும் லாக்கர் வைத்த வண்டிகளில் ஒரு சக்கரம் தரையில் இருந்தாலே போதும்.

டிரான்ஸ்பர் கேஸின் லீவர் நியூட்ரலில் நின்றுவிட்டால், கியரில் போட்டிருந்தும் வண்டி அவிழ்த்துவிட்ட மாடு போலத்தான். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இராது. கியரை மட்டும் நம்பி வண்டியை நிறுத்திவிட்டுச் செல்லும் பழக்கமுள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஷாப்ட் பிரேக்கின் வழக்கமான நோய் எண்ணெய்க் கசிவு. டிரம் டிரான்ஸ்பர் கேஸின் வாயிலிலேயே இருப்பதால், அங்குள்ள ஆயில் சீல் தேய்ந்தவுடன் எண்ணெய் நேரே லைனிங்கில் இறங்குகிறது. எண்ணெய் குடித்த லைனிங்கை எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. பல பட்டறைகளில் லைனிங்கை மட்டும் மாற்றிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். சில மாதங்களில் புதிய லைனிங்கும் அதே கதியை அடைகிறது. முதலில் சீல், பிறகே லைனிங். வண்டி ஓடும்போது இந்தப் பிரேக்கை வெடுக்கென்று இழுப்பதும் தவறு. ஷாப்டும் அதன் இணைப்புகளும் முறியக்கூடும்.

இனிப் பெரிய டயரின் விளைவைப் பார்ப்போம். 1,600 கிலோ எடையுள்ள வண்டி, ஐந்தடிக்கு ஓரடி உயரும் சரிவில் நின்றால், அதைக் கீழே இழுக்கும் விசை சுமார் 315 கிலோ. 28 அங்குல டயருக்குப் பதில் 33 அங்குல டயர் போட்டால், அதே விசையைத் தாங்கப் பிரேக்குக்கு ஏறக்குறைய 18 சதவீதம் கூடுதலான பிடிப்பு வேண்டும். முன்பு மட்டுக்கு மட்டாகப் பிடித்துக்கொண்டிருந்த பிரேக், டயர் மாற்றியபின் நழுவுவதன் காரணம் இதுதான். ஐக்கிய நாடுகள் சபையின் 13ஆம் எண் மோட்டார் ஒழுங்குமுறை, பாரம் ஏற்றிய வண்டி 18 சதவீதச் சரிவில் நிற்க வேண்டும் என்கிறது. அதாவது நூறு அடிக்குப் பதினெட்டு அடி உயரும் சரிவு. நம் ஏரிக்கரைகளில் ஏறும் வண்டிப் பாதைகள் சில இதைவிடச் செங்குத்தாக இருக்கக் காண்கிறோம்.

அடுத்தது பின்சக்கர டிரம்களிலேயே கேபிளால் இயங்கும் ஹாண்ட் பிரேக். இதில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே பிடிபடுகிறது. ஒன்றைத் தூக்கினாலும் மற்றது நிற்கும். ஷாப்டைக் கழற்றி எடுத்துவிட்டாலும் நிற்கும். பழைய ஜீப்புகளில் கால் பிரேக்கின் எண்ணெய்க் குழாய் ஒரே தொடராக இருந்ததால், ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். அந்த ஆபத்து வேளையில் எஞ்சியிருப்பது ஹாண்ட் பிரேக் ஒன்றே. அப்போது சக்கரத்தையே பிடிக்கும் பிரேக் இருந்தால் ஷாப்டை முறிக்காமல் வண்டியை நிறுத்தலாம். குறை என்னவெனில் சக்கர டிரம்மில் சேறும் நீரும் புகும். அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும். வண்டியை உயர்த்தியவர்கள் கேபிளின் நீளத்தையும் பார்க்க வேண்டும். பழைய கேபிளையே இழுத்துக் கட்டினால் அச்சு இறங்கும்போது பிரேக் தானே பிடிக்கும். அச்சு ஏறும்போது தளரும்.

டிஸ்க் பிரேக்கின் மீது இப்போது பலருக்கு மோகம். கால் பிரேக்குக்கு அது சிறந்தது, ஐயமில்லை. நிறுத்தி வைப்பதற்கு மட்டும் யோசிக்க வேண்டும். டிரம்மில், சக்கரம் சுழல முயலும்போது அச்சுழற்சியே பிரேக் ஷூவை மேலும் உள்ளே இழுத்து அழுத்தும். டிஸ்கில் அந்த உதவி இல்லை. கை கொடுக்கும் வலுவைத்தான் நம்ப வேண்டும். அதோடு, வெயிலில் ஓடி வந்து சூடேறிய டிஸ்க் ஆறும்போது சற்று மெலிகிறது. அதனால் பிடி தளர்கிறது. நிறுத்தும்போது நின்ற வண்டி அரை மணி கழித்துத் தானே நகர்ந்தது என்று கேள்விப்படும் செய்திகளில் சிலவற்றுக்குக் காரணம் இதுவே. டிரம்மில் மாறாக, ஆறும்போது டிரம் சுருங்கி ஷூவை இறுக்குகிறது. டிஸ்க்தான் வேண்டும் என்பவர்கள், டிஸ்கின் நடுக்குடத்துக்குள் நிறுத்தி வைப்பதற்கென்றே சிறு டிரம் அமைந்த வகையைத் தேடுவது நல்லது.

கால் பிரேக்கின் எண்ணெயை ஒரு வால்வால் பூட்டி வைத்து, அதையே ஹாண்ட் பிரேக் என்று சொல்லி விற்கிறார்கள். விலை குறைவு, பூட்டுவதும் சுலபம். ஆனால் எண்ணெய் துளி கசிந்தாலும், குளிர்ந்து சுருங்கினாலும் அழுத்தம் இறங்கிவிடும். நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தறியில் துணி சுற்றும் மரத்தைப் பற்சக்கரமும் கொண்டியும் பிடித்திருக்கின்றன. இரவு முழுவதும் விட்டுவைத்தாலும் பாவு தளராது. ஹாண்ட் பிரேக் லீவரிலும் அத்தகைய பல்லும் கொண்டியும் உள்ளன. இரும்பு இரும்பைப் பிடித்திருப்பதற்கு எண்ணெய் ஈடாகாது. சரிவில் சிறிது நேரம் வண்டியைப் பிடித்துக்கொள்ளத் துணையாக அந்த வால்வு இருக்கலாம். தனிப் பிரேக்காக அதை நாம் ஏற்பதற்கில்லை.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 96ஆம் விதி, நிறுத்தி வைக்கும் பிரேக், காலால் இயக்கும் பிரேக் என இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் இருக்க வேண்டும் என்கிறது. கம்பெனியார் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. ஆகையால் அச்சையோ டயரையோ மாற்றுமுன், டி.என். 32 வண்டிக்காரர்கள் விழுப்புரத்திலும் டி.என். 16 வண்டிக்காரர்கள் திண்டிவனத்திலும் உள்ள போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது செலவை மிச்சப்படுத்தும். மாற்றி முடித்தபின் கேட்பவர்களே அதிகம் என்பது வேறு விஷயம்.

நம் கருத்து இது. வண்டி பெரும்பாலும் பழைய அமைப்பிலேயே இருந்தால், ஷாப்ட் பிரேக்கையே சீல், லைனிங் மாற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது போதும். பெரிய டயர் போட்டு, பாரம் ஏற்றி, சரிவில் நிறுத்தி வேலை செய்யும் வண்டிக்குப் பின்சக்கர டிரம்மில் கேபிள் பிரேக்கே தகுந்தது. ஷாப்ட் பிரேக்கையும் கழற்றாமல் உடன் வைத்துக்கொள்ள இடமிருந்தால் இன்னும் நல்லது.

விலைக்கு வரும் பழைய வண்டியில் எவ்வகைப் பிரேக் இருக்கிறது என்று தெரியாவிட்டால் இப்படிச் சோதிக்கலாம். சமதரையில் நிறுத்தி முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, இரண்டு பின்சக்கரங்களையும் தூக்கி உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்துங்கள். ஹாண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஒரு சக்கரத்தைக் கையால் திருப்புங்கள். மற்றச் சக்கரம் எதிர்ப்புறம் சுழன்றால் அது ஷாப்ட் பிரேக். இரண்டும் அசையாவிட்டால், பெரும்பாலும் சக்கர பிரேக்; லாக்கர் உள்ள வண்டியும் அவ்வாறே நிற்குமாதலால் விற்பவரிடம் அதைக் கேட்டுக்கொள்ளவும். பிறகு வழக்கமான பாரத்தோடு சரிவில் நிறுத்தி, நியூட்ரலில், மேல்நோக்கி ஒருமுறையும் கீழ்நோக்கி ஒருமுறையும் சோதிக்க வேண்டும். லீவர் தன் பாதையின் கடைசிப் பல்லுக்குப் போய்த்தான் பிடிக்கிறது என்றால் அதைத் தேர்ச்சியாகக் கொள்ளக் கூடாது. இச்சோதனையின்போது கட்டையோடு ஓர் ஆள், வண்டி உருளும் வழியை விட்டு விலகிப் பக்கவாட்டில் நிற்கட்டும்.

கட்டை என்றதும் நினைவு வருகிறது. சங்கக் கூட்டங்களில் முட்டுக்கட்டைக்கு நல்ல பெயர் இல்லை. சக்கரத்தடியில் அதைப்போல நண்பன் வேறில்லை. வைரம் பாய்ந்த கருவேலங்கட்டையில், டயர் உயரத்தின் நாலில் ஒரு பங்கு உயரமாக, ஆப்பு வடிவில் இரண்டு செதுக்கிக்கொள்ளலாம். இரண்டையும் ஒரு கயிற்றால் பிணைத்து வண்டியிலேயே போட்டு வையுங்கள். கயிறு இருந்தால், எடுக்கும்போது கையைச் சக்கரத்தடியில் விட வேண்டியதில்லை. ஜாக்கியைத் தொடுமுன் கட்டை சக்கரத்தடிக்குப் போயிருக்க வேண்டும்.