உருண்டை உருளுகிறது, அம்பு ஏன் நகரவில்லை?

கோலிக்குண்டு விளையாடாதவர்கள் நம்மில் குறைவு. கரிசல் மண்ணில் குழி பறித்துக் குண்டை உருட்டியபோது, அது பச்சையா நீலமா, உள்ளே பூ இருக்கிறதா என்றெல்லாம் நாம் கவலைப்பட்டதில்லை. உருண்டையாக இருந்தால் போதும். ஆனால் உருண்டால் மட்டும் போதாத ஒரு குண்டும் உண்டு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தூத்துக்குடி மாவட்டம் ஓட்டப்பிடாரம் வட்டத்தில் உள்ள புதியம்புத்தூர் ஆயத்த ஆடைகளுக்குப் பெயர்போன ஊர். என்னிடம் படித்த மாணவர் ஒருவர் அங்கே கம்ப்யூட்டர் எம்பிராய்டரிக்கு டிசைன் போட்டுக் கொடுக்கிறார். பாவாடை ஓரத்தில் வரும் பூவையும் கொடியையும் முதலில் திரையில் தையல் தையலாக வரைய வேண்டும். நாள்தோறும் ஒன்பது மணி நேரம் மவுஸை இழுத்து இழுத்து அவருடைய வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. கையை அசைக்காமல் வேலை செய்யுங்கள் என்றார் டாக்டர். கையை அசைக்காவிட்டால் வீட்டில் உலை கொதிக்காதே! அப்போதுதான் பழைய டிராக்பால் ஒன்றை வாங்கினார்.

டிராக்பால் என்பது மல்லாக்கப் போட்ட மவுஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி மேசையில் அசையாமல் இருக்கும். அதன் கிண்ணத்தில் உள்ள உருண்டையை விரலால் உருட்டினால் திரையில் அம்பு நகரும். ஸ்கேன் எடுக்கும் அறையில் டாக்டர் ஒரு கையால் உருட்டுவதும் இதையேதான்.

மணிக்கட்டு வலி குறைந்து வந்த வேளையில், வீட்டுப் பையன் உருண்டையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு விளையாடப் போய்விட்டான். உருண்டை திரும்பி வரவில்லை. தீபாவளி ஆர்டர்கள் குவிந்திருந்தன. மாணவர் தூத்துக்குடிக்குப் போய், யாரிடமோ கேட்டு, பில்லியர்ட்ஸ் வகை ஆட்டத்தில் பயன்படும் மஞ்சள் நிற ஒன்றாம் எண் பந்தை வாங்கி வந்து போட்டார். பிறகு எனக்குப் போன் செய்தார்.

“சார், பழசைவிட வழுவழுன்னு உருளுது. அம்புதான் நின்ன இடத்துலயே நிக்குது.”

“எப்பவுமே அசையலியா?”

“எப்பவாச்சும் லேசா துள்ளுது சார்.”

அந்த ‘எப்பவாச்சும்’ என்ற சொல்லில்தான் விடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. டிராக்பால் மவுஸுக்கு மூத்தது. பிரிட்டிஷ் கடற்படையின் ராடார் திரைக்காக ரால்ஃப் பெஞ்சமின் என்பவர் 1946-இல் இதை உருவாக்கினார். 1950-களின் தொடக்கத்தில் கனடா கடற்படைக்குச் செய்த கருவியில், கடையில் விற்கும் பௌலிங் விளையாட்டுப் பந்தையே வைத்தார்கள். அது எப்படிச் சரிப்பட்டது? அந்தக் காலக் கருவிகளில் உருண்டை தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் சிறு சக்கரங்களை உராய்வினால் சுழற்றும். சக்கரங்களின் சுழற்சியை எண்ணினால் போதும். எந்த உருண்டையாக இருந்தால் என்ன?

ஒளி முறையில் வேலை செய்யும் டிராக்பாலில் சக்கரம் கிடையாது. கிண்ணத்தின் அடியில் ஒரு சிறு விளக்கும் லென்சும் ஒளி உணரும் சில்லும் இருக்கின்றன. உருண்டையின் பரப்பை அந்தச் சில்லு ஓயாமல் படம் பிடிக்கிறது. மவுஸில் பயன்பட்ட அத்தகைய சில்லு ஒன்று 18-க்கு 18, அதாவது 324 புள்ளிகள் கொண்ட படங்களை விநாடிக்கு 1500 வீதம் எடுத்தது. முன் படத்தில் இங்கே இருந்த கரும்புள்ளி அடுத்த படத்தில் அங்கே போயிருந்தால், உருண்டை அந்த அளவு நகர்ந்திருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. ஓடும் ரயிலின் ஜன்னலில் உட்கார்ந்து பனைமரங்களை வைத்து வேகத்தை உணர்கிறோம் அல்லவா? மரமே இல்லாத பொட்டல்வெளியில் ரயில் நிற்கிறதா ஓடுகிறதா என்றே தோன்றாது. ஒரே நிறமான வழுவழுப்பான பந்து சில்லுக்குப் பொட்டல்வெளி. மூல உருண்டைகளில் பொடிப் புள்ளிகள் தெளித்திருப்பது அழகுக்காக அல்ல.

புதியம்புத்தூரில் முதலில் பந்தை எடுத்துவிட்டு, ஒரு செய்தித்தாள் துண்டைக் கிண்ணத்தின் அடியிலுள்ள சிறு ஜன்னலை ஒட்டி நகர்த்தினேன். அம்பு ஓடியது. ஆகவே கருவியில் பழுதில்லை. (இந்தச் சோதனையைச் செய்யாமல் கருவியைத் தூக்கி எறிந்தவர்கள் எத்தனை பேரோ!) பிறகு பந்தைப் போட்டு மெல்ல உருட்டினோம். பந்தில் கறுப்பாக அச்சிட்ட ‘1’ என்ற எண் அடியில் வந்தபோது மட்டும் அம்பு துள்ளியது.

மாணவர் உடனே சிவப்பு மார்க்கரால் பந்து முழுக்கப் புள்ளி வைத்தார். பயனில்லை. ஏன் தெரியுமா? அந்தக் கருவியின் விளக்கு சிவப்பு. சிவப்பு ஒளியில் மஞ்சள் பரப்பும் சிவப்பு மையும் ஏறக்குறைய ஒரே அளவில் ஒளியைத் திருப்பி அனுப்பும். நம் கண்ணுக்குத் தெரிகிற வேறுபாடு சில்லுக்குத் தெரியாது. கறுப்பு மார்க்கரால் வைத்த பிறகு அம்பு நகர்ந்தது. அகச்சிவப்பு விளக்கு உள்ள கருவியாக இருந்தால் இதிலும் ஏமாறலாம். சாயத்தால் ஆன சில கறுப்பு மைகள் அகச்சிவப்பு ஒளியை உள்ளே விட்டுவிடும். கரி கலந்த மைதான் அதை விழுங்கும்.

அம்பு நகர்ந்ததே தவிர, நொண்டி நொண்டித்தான் நகர்ந்தது. காரணம், பந்தின் அளவு. மூல உருண்டையின் விட்டம் 55 மி.மீ.; இந்தப் பந்தோ 57.2 மி.மீ. உருண்டை மூன்று சிறு மணிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அம்மணிகள் செங்குத்துக் கோட்டிலிருந்து 45 பாகையில் இருப்பதாகவும், லென்சு நேர் கீழே இருப்பதாகவும் கொண்டு கணக்கிட்டால், பெரிய பந்தின் அடிப்புறம் 0.4 மி.மீ.க்குச் சற்று மேல் உயர்ந்துவிடும். ஸ்னூக்கர் பந்து 52.5 மி.மீ.; அதைப் போட்டால் ஏறக்குறைய 0.6 மி.மீ. தாழ்ந்து லென்சின் பக்கம் வந்துவிடும். இதென்ன பெரிய தூரமா என்று கேட்பீர்கள். மேலே சொன்ன மவுஸ் சில்லுக்கு லென்சிலிருந்து பரப்பு 2.4 மி.மீ. தொலைவில் இருக்க வேண்டும்; 0.1 மி.மீ. கூடலாம், குறையலாம், அவ்வளவே. அதைத் தாண்டினால் படம் மங்கும். பெரிய புள்ளி தெரியும், பொடிப் புள்ளி கரைந்துபோகும்.

கண்ணாடிக் குண்டு, எஃகு குண்டு என்று யோசிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கண்ணாடியில் ஒளியின் பெரும்பகுதி உள்ளே போய்விடுகிறது. பளபளக்கும் எஃகு விளக்கின் பிம்பத்தையே காட்டுகிறது. இரண்டிலும் பரப்பின் படம் கிடைப்பதில்லை.

கடைசியில் சென்னை ரிச்சி தெருவில், அதே மாதிரியில் கெட்டுப்போன கருவி ஒன்று கிடைத்தது. அதன் உருண்டையைப் போட்டதும் அம்பு ஒழுங்காக ஓடியது. ஆனால் நகர்த்தத் தொடங்கும்போது மட்டும் ஒட்டிக்கொண்டு, பிறகு சட்டென்று வழுக்கியது. ஒரு தையல் அளவுக்கு அம்பை நகர்த்த வேண்டியவருக்கு இது பெரிய தொல்லை. உருண்டையை அவர் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார்! மணிகளும் உருண்டையும் உலர்ந்திருந்தால் நிலை உராய்வு அதிகம். விரலில் உள்ள எண்ணெய்ப் பசைதான் நாளடைவில் அதைக் குறைக்கிறது. தலையைத் தடவிய விரலால் உருண்டையை ஒருமுறை துடைக்கச் சொன்னேன். நம் ஊர்த் தலையில் தேங்காய் எண்ணெய்க்கா பஞ்சம்? தொல்லை தீர்ந்தது. எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுவிடாதீர்கள். அது ஜன்னலில் படிந்து படத்தைக் கெடுக்கும்.

தையல் கூடத்தில் பறக்கும் பஞ்சுத் தூசிக்கு அந்தக் கிண்ணம் நல்ல புகலிடம். வாரம் ஒருமுறை உருண்டையை எடுத்து, மூன்று மணிகளையும் சுற்றியிருக்கும் தூசியை வழித்து, ஜன்னலை உலர்ந்த மெல்லிய துணியால் துடைக்கிறார் என் மாணவர். அந்த ஐந்து நிமிடமும் பையன் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்வது அவர் மனைவியின் பொறுப்பு. மஞ்சள் பந்து இப்போது பையனிடம் இருக்கிறது.