அழைப்பு காத்திருக்கட்டும்

ஒருவர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டதும் வீட்டாரின் கைபேசிகள் ஓயாமல் ஒலிக்கத் தொடங்குகின்றன. மருந்து வாங்கச் சென்றவரையும், இரவுத் துணைக்கு வந்துகொண்டிருப்பவரையும் வண்டி ஓட்டும்போதே அழைக்கிறோம். அவரும் பதற்றத்தில் எடுத்துப் பேசுகிறார்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, திரையை நோக்கும் 3 வினாடிகளில் 50 மீட்டரைக் கடந்துவிடும். காதில் பொருத்திப் பேசும் கருவி கையை விடுவிக்குமே தவிர மனத்தை விடுவிக்காது. மூளை உரையாடலில் ஆழ்ந்திருக்கையில், கண்ணெதிரே சாலையைக் கடப்பவரும் கருத்தில் பதியாமல் போகலாம்.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்துள்ளது. முதல் முறைக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்றாண்டுகளுக்குள் மீண்டும் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

ஆகவே, வருபவர் வண்டி ஓட்டுகிறார் என்று அறிந்தால் அழைக்காதீர்கள். அவர் எடுத்துவிட்டால், "ஓரமாக நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள்" என்று கூறி உடனே துண்டித்துவிடுங்கள். நோயாளியின் அருகில் மருத்துவர்களும் செவிலியர்களும் இருக்கிறோம். வருபவர் பத்து நிமிடம் தாமதித்தாலும் நலமாக வந்து சேரட்டும்.