வெள்ளியைக் கரைக்க எந்த மருந்து?

தமிழ்நாட்டின் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் இயங்கிய குரோமேட் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற கழிவு மட்டும் லட்சம் டன்னுக்கு மேல். மழை பெய்தால் அந்தக் குவியலிலிருந்து மஞ்சள் நீர் கசியும். சுற்றுவட்டார நிலத்தடி நீரிலும் குரோமியம் ஏறிவிட்டது. 2006இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இடம்பெற்றது. அந்த ஆலையில் தயாரான சரக்கு சோடியம் டைகுரோமேட். அதன் உடன்பிறப்பான பொட்டாசியம் டைகுரோமேட்டைத்தான், கறுப்பு-வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவுகிறவர்களுக்குப் பழைய கையேடுகள் பரிந்துரைக்கின்றன.

சூப்பர் 8 கேமராவில் எடுத்த 15 மீட்டர் ரிவர்சல் ஃபிலிமை மலேசியாவின் ஜொகூரில், செடெனாக்கில் ஒரு வீட்டில் கழுவ நினைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, வெள்ளியைக் கரைக்கும் பிளீச் மருந்தைத்தான். ரிவர்சல் முறையில் தனியாக பிரிண்ட் போடுவதில்லை. கேமராவில் ஓடிய ஃபிலிமே புரொஜெக்டரிலும் ஓடும். முதல் டெவலப்பர், ஒளி பட்ட இடங்களைக் கறுப்பு வெள்ளித் துகள்களாக்கி நெகட்டிவ் உருவத்தைத் தருகிறது. அந்த வெள்ளியை மட்டும் கரைத்து எடுப்பது பிளீச்சின் வேலை. மிச்சமிருக்கும், ஒளி படாத வெள்ளி உப்பை மறுபடி ஒளியில் காட்டி இரண்டாம் முறை டெவலப் செய்தால் நேர் படம் கிடைக்கும்.

கோடாக்கின் ஆர்-9 என்ற பிளீச்சில் லிட்டருக்கு 9.5 கிராம் டைகுரோமேட், 12 மில்லி அடர் கந்தக அமிலம். ஃபிலிமுக்கு இது சாது. கைக்கும் மூச்சுக்கும் எமன். அதிலுள்ள ஆறிணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களில் ஒன்று. தோலில் ஒருமுறை ஒவ்வாமை பிடித்தால் லேசில் விடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் முதல் சிறப்பு அனுமதியின்றி இதைப் பயன்படுத்த முடியாது. சமையலறைத் தொட்டிக்கு இது வேண்டவே வேண்டாம்.

அம்மை கண்ட வீட்டில் குளிக்கும் நீரில் கலக்கும் அதே ஊதா பெர்மாங்கனேட் இந்த வேலையையும் செய்கிறது. லிட்டருக்குச் சுமார் 2 கிராம் போதும். கந்தக அமிலத்துக்குப் பதிலாக, நீச்சல் குளத்து நீரின் காரத்தைக் குறைக்கப் போடும் சோடியம் பைசல்பேட்டைச் சேர்க்கலாம். இரண்டையும் தனித்தனி பாட்டிலில் கரைத்து வைத்து, கழுவும் நேரத்தில் சேர்க்க வேண்டும். சேர்ந்த கலவை நாள் தாங்காது. பெர்மாங்கனேட் படிகத்தின் மேல் அடர் கந்தக அமிலத்தை ஊற்றினால் வெடிக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். பைசல்பேட்டைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான். ஃபிலிமில் படியும் பழுப்புக் கறையைச் சோடியம் மெட்டாபைசல்பைட் நீக்கும். அதன் நெடி நெஞ்சை அடைக்கும், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

பெர்மாங்கனேட்டின் குறை, ஜெலட்டினை இளக்கிவிடுவது. ஜொகூர் வெயிலில் குழாய் நீர் 20 பாகையில் வராது. ஐஸ் போட்ட தொட்டிக்குள் பாட்டில்களை நிறுத்திக் குளிர்விக்காவிட்டால், படம் பிளாஸ்டிக்கை விட்டு உரிந்து விரலோடு வரும். கழுவும் நீர் உட்பட எல்லாக் கரைசலும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும்.

ஹைட்ரஜன் பெராக்சைடும் எலுமிச்சை உப்பும் சேர்ந்த பிளீச்சைச் சிலர் முயல்கிறார்கள். கழிவு மிகக் குறைவு என்பதால் ஆசை வரும். ஆனால் ஜெலட்டினுக்குள் ஆக்சிஜன் குமிழ் கிளம்பி ஃபிலிம் கொப்பளிக்கலாம். முதலில் ஒரு துண்டில் சோதிப்பதே நல்லது. கலர் ஃபிலிம் பிளீச்சைக் கொண்டு சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அது வெள்ளியை ஒளியுணரும் உப்பாகத் திருப்பி ஃபிலிமிலேயே விட்டுவிடும். இரண்டாம் டெவலப்பரில் ஃபிலிம் முழுவதும் கறுக்கும்.

2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் சுங்கை கிம் கிம்மில் யாரோ கொட்டிய ரசாயனத்தால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டு, 111 பள்ளிகள் மூடப்பட்டதை ஜொகூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டுக் கழிவு அதோடு ஒப்பிட ஒரு துளிதான். ஆனாலும் பயன்படுத்திய பிளீச்சில் ஃபிலிமிலிருந்து கரைந்த வெள்ளி இருக்கிறது, அது மீனுக்கு நஞ்சு. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு புவாங்கான் தெர்ஜாடுவல் (பட்டியலிடப்பட்ட கழிவுகள்) பட்டியலில், படம் கழுவிய கரைசல் எஸ்டபிள்யூ 423 என்ற எண்ணில் இருக்கிறது. மெட்டாபைசல்பைட் சேர்த்து ஊதா நிறம் போன பிறகும் அதைக் கால்வாயில் ஊற்றாமல், பெயர் எழுதிய பாட்டிலில் அடைத்து, உரிமம் பெற்ற கழிவு சேகரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும்.