காக்பிட்டில் யார் பேசலாம்?

1977 மார்ச் 27. கேனரித் தீவுகளில் உள்ள டெனரிஃப் விமான நிலையத்தை மூடுபனி சூழ்ந்திருந்தது. பக்கத்துத் தீவின் நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே இறங்க வேண்டிய பெரிய விமானங்களெல்லாம் இங்கே திருப்பிவிடப்பட்டு நெருக்கியடித்து நின்றன. அவற்றில் ஒன்றான கேஎல்எம் 747-இன் கேப்டன் யாக்கோப் வான் சாண்டன், அந்த நிறுவனத்தின் 747 பயிற்சிக்கே தலைவர். விளம்பரங்களில் முகம் காட்டியவர். பக்கத்தில் இருந்த துணை விமானியைச் சோதித்து, 747 ஓட்டத் தகுதி உண்டு என்று சுமார் இரண்டு மாதங்களுக்கு முன்பு சொன்னவரும் அவரே.

ஓடுதள முனையில் கேப்டன் விசையைக் கூட்டினார். இன்னும் அனுமதி வரவில்லை என்று துணை விமானி நினைவூட்டியதும் நிறுத்தினார். சற்று நேரத்தில் போகும் வழிக்கான அனுமதி வந்தது. மேலெழும்ப அனுமதி வரவில்லை. கேப்டன் மறுபடி கிளம்பினார். இந்த முறை துணை விமானி தடுக்கவில்லை. ஒரே மாலையில் தன் பரிசோதகரை இரண்டு முறை திருத்த எத்தனை பேருக்கு மனம் வரும்? பின்னால் இருந்த ஃப்ளைட் இன்ஜினியர் மட்டும், அதே ஓடுதளத்தில் மூடுபனிக்குள் வந்துகொண்டிருந்த பான் ஆம் விமானம் விலகிவிட்டதா என்று சந்தேகமாகக் கேட்டார். விலகிவிட்டது என்றார் கேப்டன், அழுத்தமாக. அதற்கு மேல் யாரும் பேசவில்லை. இன்னும் விலகியிராத அந்த விமானத்தின் மீது மோதியதில் 583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றில் இதைவிட அதிக உயிர்களைப் பறித்த விபத்து இன்றுவரை இல்லை.

அடுத்த ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரின் மேல், யுனைடெட் நிறுவனத்தின் டிசி-8 ஒன்று சக்கரக் கோளாறை ஆராய்ந்தபடி ஒரு மணி நேரம் போல வட்டமடித்தது. கேப்டனின் கவனமெல்லாம் சக்கரத்தில். எரிபொருள் குறைவதைக் கூட இருந்தவர்கள் சொன்னார்கள், ஆனால் காதில் விழுந்தும் மனதில் ஏறாத தணிந்த குரலில். எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள்.

இயந்திரத்தைத் திருத்தினால் போதாது, காக்பிட்டில் ஆட்கள் பேசிக்கொள்ளும் விதத்தைத் திருத்த வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. 1979-இல் நாசா இதற்கென்று ஒரு பயிலரங்கம் கூட்டியது. 1981-இல் யுனைடெட் நிறுவனம் தன் விமானிகளுக்கு முறையான பயிற்சியைத் தொடங்கியது. கடைசி முடிவு கேப்டனுடையதுதான், அதில் மாற்றமில்லை. ஆனால் முடிவெடுக்கும் முன் மற்றவர்களைக் கேட்பது அவர் கடமை. கேட்காவிட்டாலும் சொல்வது மற்றவர்கள் கடமை. பழைய கேப்டன்கள் சிலர் இதைக் கிண்டலடித்தார்கள். இருபது வருடம் தனி ராஜ்யம் நடத்தியவர்களிடம் வேறெதை எதிர்பார்க்க முடியும்?

1989 ஜூலை 19 அன்று அதே யுனைடெட்டின் டிசி-10 ஒன்றில், வால் பகுதி என்ஜின் நடுவானில் சிதறியது. துண்டுகள் தெறித்ததில், விமானத்தைக் கட்டுப்படுத்த உதவும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன. மூன்றும் சேர்ந்து போகாது என்ற நம்பிக்கையில், அதற்கான செயல்முறையே கையேட்டில் இல்லை. கேப்டன் ஆல் ஹேய்ன்ஸ் தனக்கு எல்லாம் தெரியும் என்று காட்டிக்கொள்ளவில்லை. பயணிகளில் ஒருவராக வந்த டென்னிஸ் ஃபிட்ச், அதே நிறுவனத்தின் பயிற்சி விமானி. உதவட்டுமா என்று அவர் கேட்டனுப்பியதும் ஹேய்ன்ஸ் உள்ளே அழைத்து, மிச்சமிருந்த இரண்டு என்ஜின்களின் விசையையும் அவர் கையில் ஒப்படைத்தார். இருக்கைகளுக்கு நடுவே மண்டியிட்டு, ஒரு பக்கம் கூட்டி மறுபக்கம் குறைத்து விமானத்தைத் திருப்பினார் ஃபிட்ச். மற்ற மூவரும் பார்த்ததைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சியூ சிட்டியில் இறங்கும்போது விமானம் உடைந்து எரிந்தது. 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். பிறகு சிமுலேட்டரில் முயன்று பார்த்த விமானிகளாலும் அதைப் பத்திரமாக இறக்க முடியவில்லை. 1981-இல் தொடங்கிய அந்தப் பயிற்சி இல்லையென்றால் தப்பியிருக்க முடியாது என்று ஹேய்ன்ஸ் பல மேடைகளில் சொன்னார்.

அப்படியொரு பயிற்சி நம் அலுவலகங்களில் இல்லை. கூட்டங்களில் மேலாளர் முதலில் தன் கருத்தை விரிவாகச் சொல்லிவிடுவார். கடைசியில், யாருக்காவது சந்தேகம் உண்டா என்பார். எல்லாத் தலைகளும் இல்லையென்று ஆடும். அந்தத் தலையாட்டலை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்கிறவர்தான், பிறகு சிக்கல் வெடித்ததும் ஏன் யாரும் முன்பே சொல்லவில்லை என்று கத்துகிறார். நெருக்கடி நேரத்தில் வாய் திறக்க வேண்டுமென்றால், ஒன்றும் நடக்காத நாட்களில் வாய் திறந்து பழகியிருக்க வேண்டும். கேப்டன்கள் இன்று புறப்படுமுன் நடத்தும் சிறு ஆலோசனையின் முக்கியப் பயன் இது. நான் தவறினால் உடனே சொல்லுங்கள் என்று தரையில் கேட்டுக்கொண்டவரிடம் வானத்தில் சொல்வது சற்று எளிது.

எல்லாம் மாறிவிட்டது என்று எழுத ஆசைதான். 2010 மே 22 அன்று மங்களூரில், இறங்க வேண்டாம், மேலே போகலாம் என்று துணை விமானி ஒரு முறைக்கு மேல் சொல்லியும் கேப்டன் இறக்கினார். 158 பேர் இறந்தார்கள். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில், கொட்டும் மழையில் விமானம் ஓடுதளத்தில் பாதித் தூரம் தாண்டித் தரை தொட்டது. அங்கும் துணை விமானி சொன்னார், அங்கும் விமானம் இறங்கியது. 21 பேர் இறந்தார்கள். இரண்டிலும் வார்த்தை சரியானதே, நேரமும் சரியானதே. படிநிலை மட்டும் பழையதாகவே இருந்தது.

கோழிக்கோடு விபத்தின் விசாரணை அறிக்கை கேப்டனின் தவறோடு நிற்கவில்லை. அவர் கேட்காதபோது துணை விமானி கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்து விமானத்தை மேலே கொண்டுபோகாததையும் விபத்துக்கான காரணத்தில் சேர்த்தது. வயதில் மூத்தவர், அனுபவத்தில் பெரியவர் கையிலிருந்து கட்டுப்பாட்டை வாங்குவதை நம் வீடும் பள்ளியும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. சிமுலேட்டரில் சொல்லித் தருகிறார்கள்: பயிற்சிக் கேப்டன் வேண்டுமென்றே பதில் பேசாமல் உட்கார்ந்துவிடுவார், இரண்டு முறை அழைத்தும் பதில் வரவில்லையென்றால், பக்கத்தில் இருக்கும் இளைஞர் விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.